மாத்திரையா, தாய்ப்பாலா? ஐ.பி.டி இருக்கும் அம்மாக்கள் ஏன் ஒன்றை விடணும்?

ஒரு காட்சி சொல்றேன். எங்கேயாவது பார்த்த மாதிரி இருக்கான்னு பாருங்க.

பிரசவ வார்டு. குழந்தை பிறந்து மூணாவது நாள். பால் இப்பத்தான் நல்லா ஊற ஆரம்பிச்சிருக்கு. அம்மாவோட பையில ஒரு மாத்திரை டப்பா. பல வருஷமா தினமும் போடுற மாத்திரை. அதைப் பார்த்த மாமியார், ``ஏம்மா, இத்தனை மாத்திரையை முழுங்கிட்டு பச்சப்புள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?''னு கேட்கிறார். அக்கறையோடத்தான் கேட்கிறார். நர்ஸ், ``எதுக்கும் டாக்டரைக் கேட்டுக்கோங்க''னு சொல்றாங்க. பிரசவம் பார்த்த டாக்டர், ``உங்க கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட கேளுங்க''னு சொல்றார். அந்த டாக்டரோட அப்பாயின்ட்மென்ட் மூணு வாரம் கழிச்சுத்தான். கணவர் கையில போன். கூகுள் பண்ணப் பண்ண பயம் கூடுதே தவிர, பதில் கிடைக்கலை.

அன்னைக்கு ராத்திரி ரெண்டுல ஒண்ணு நடக்கும். ஒண்ணு, அம்மா யாருக்கும் சொல்லாம மாத்திரையை நிறுத்திடுவாங்க. இல்லைன்னா, மெடிக்கல் ஷாப்புல இருந்து பவுடர் பால் டப்பா வரும்.

பெரும்பாலான ஐ.பி.டி அம்மாக்களுக்கு இந்த ரெண்டுமே தேவையில்லாத முடிவு. அப்படின்னா இந்த முடிவை அவங்க ஏன் எடுக்கிறாங்க? அதைத்தான் இங்கே பார்க்கப்போறோம்.

ஐ.பி.டி-ன்னா வெறும் வயித்துவலி இல்லை

குடல் அழற்சி நோயைத்தான் சுருக்கமா ஐ.பி.டி-ன்னு சொல்றாங்க. இதுல முக்கியமா ரெண்டு வகை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலை மட்டும் புண்ணாக்கும். க்ரோன்ஸ் நோய், வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் எங்கே வேணும்னாலும் வரலாம். நம் உடம்போட எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குறதுதான் அடிப்படைப் பிரச்னை. ரத்தத்தோட வயித்துப்போக்கு, வயித்துவலி, எடை குறையுறது, ரத்தசோகை, எழுந்திருக்கவே முடியாத சோர்வு... இதெல்லாம் அறிகுறிகள். டென்ஷன் ஆனா வயிறு கலக்குதுன்னு சொல்ற ஐ.பி.எஸ் வேற, இது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இது முழுசா குணமாகிற நோய் இல்லை. ஆனா, மருந்தால கட்டுக்குள்ள வெச்சிருக்க முடியும். கொஞ்ச காலம் அமைதியா இருக்கும், திடீர்னு கிளம்பும். நம்ம ஊர்ல இன்னொரு சிக்கலும் உண்டு. க்ரோன்ஸும் குடல் காசநோயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனால, என்ன நோய்னு உறுதியாகுறதுக்கு முன்னாடியே டி.பி மாத்திரை சாப்பிட்டு மாசக்கணக்கா அலைஞ்சவங்க நிறைய பேர்.

இந்த நோய் அதிகமா தலைகாட்டுறது 15 வயசிலிருந்து 35 வயசுக்குள்ள. அதாவது படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தைன்னு வாழ்க்கை ஓடுற அதே வயசு. இந்தியாவில் ஐ.பி.டி-யோட வாழ்றவங்க எண்ணிக்கை 1990-க்கும் 2019-க்கும் இடையில ஏறக்குறைய ரெண்டு மடங்கா கூடியிருக்குன்னு உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்குப்போட்டிருக்கு. அதனால பிரசவ வார்டுக்கு வரும் ஐ.பி.டி அம்மாக்களும் இனி கூடத்தான் செய்வாங்க.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

ஒவ்வொரு ஆகஸ்ட் முதல் வாரமும் உலகத் தாய்ப்பால் வாரம். `ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அதுக்கப்புறம் இணை உணவோட ரெண்டு வயசு வரைக்கும், அதுக்கு மேலயும்'னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதை போஸ்டர் போஸ்டரா பார்க்கிறோம். அந்த போஸ்டர்ல சிரிக்கிற அம்மாவுக்கு எந்த நோயும் இருக்கிற மாதிரி தெரியாது. நாள்பட்ட நோயோட, தினசரி மருந்தோட இருக்கிற அம்மா என்ன பண்ணணும்னு அந்த போஸ்டர் சொல்றதில்லை.

இந்தக் கேள்விக்கு 2025-ல் தெளிவான பதில் ஒண்ணு வந்திருக்கு. ஐ.பி.டி-யும் கர்ப்பமும் பத்தி பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து உருவாக்கின உலகளாவிய வழிகாட்டுதல், பல மருத்துவ இதழ்கள்ல வெளியாச்சு. இதுக்குப் பின்னாடி இருக்கிற முக்கியமான தரவு, அமெரிக்காவில் 2007-ல் தொடங்கின `பியானோ' என்கிற பதிவேடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த டாக்டர் உமா மகாதேவன் தலைமையில், ஐ.பி.டி இருக்கிற கர்ப்பிணிகளையும் அவங்க குழந்தைகளையும் வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்சுட்டு வர்றாங்க. 2021-ல் வெளியான அதோட முடிவுகள்ல, 1,490 கர்ப்பங்களை ஆராய்ஞ்சு பார்த்திருக்காங்க. பயாலஜிக் ஊசிகளோ, அஸதயோபிரின் வகை மாத்திரைகளோ தாய்க்கும் குழந்தைக்கும் கூடுதல் பாதிப்பு ஏற்படுத்தினதா தெரியலைன்னு சொல்லியிருக்காங்க.

இங்கே தமிழ்நாட்டுக் கணக்கையும் பாருங்க. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைகள்ல தாய்ப்பால் மட்டும் குடிக்கிறது இந்தியாவில் 63.7 சதவிகிதம். தமிழ்நாட்டில் 55.1 சதவிகிதம்தான். இத்தனைக்கும், நம்ம மாநிலத்தில் கிட்டத்தட்ட எல்லா பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது. அம்மா டாக்டர் முன்னாடி வராமலில்லை. வந்தவங்களுக்குச் சரியான வார்த்தை சொல்ல ஆளில்லை. மருந்து சாப்பிடுற அம்மாவுக்கு அந்த வார்த்தை இன்னும் அவசியம்.

பாலில் எவ்வளவு மருந்து போகுது?

`நான் சாப்பிடுற மருந்தெல்லாம் பால் வழியா குழந்தைக்குப் போயிடுமே' என்கிற பயம் நியாயமானது. ஆனா, `போகுமா' என்கிறதோட நிறுத்தாம, `எவ்வளவு போகும், போனா என்ன ஆகும்'னு கேட்கணும். மருந்து வாரியா பார்ப்போம்.

மெசலமைன்: அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு அதிகமா கொடுக்கிற மருந்து. பால் கொடுக்கிறப்போ தொடரலாம். குழந்தைக்கு வழக்கத்துக்கு மாறா வயித்துப்போக்கு வந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு: பாலில் கலக்கிறது குறைவு. அதிக டோஸ் எடுக்கிறவங்களுக்கு, பால் கொடுத்து முடிச்சதும் மாத்திரை போட்டுட்டு, அடுத்த ஃபீடுக்குக் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்ற டாக்டர்களும் உண்டு.

அஸதயோபிரின்: பேரைக் கேட்டாலே பயப்படுற மாத்திரை. இது பாலில் வர்றது ரொம்பக் கொஞ்சம். அதுவும் பெரும்பாலும் மாத்திரை போட்ட முதல் நாலு மணி நேரத்தில்தான். ராத்திரி குழந்தை தூங்கினதும் மாத்திரை போட்டுக்கிட்டா அதுவும் குறையும். பாலைப் பீய்ச்சி சிங்க்ல ஊத்தத் தேவையில்லை.

இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற பயாலஜிக் ஊசிகள்: இவை எல்லாம் பெரிய புரத மூலக்கூறுகள். பாலுக்குள்ள வர்றதே மிகக் குறைவு. வந்தாலும், மத்த புரதத்தைப் போலவே குழந்தையோட வயித்துல பெரும்பாலும் செரிச்சுப்போயிடும். பியானோ குழு 2018-ல் 72 அம்மாக்களோட பாலைப் பரிசோதிச்சப்போ, மருந்து கண்டுபிடிக்கப்பட்டவங்ககிட்டகூட அளவு ரொம்பக் குறைவா இருந்துச்சு. பால் குடிச்ச குழந்தைகளுக்கும் குடிக்காத குழந்தைகளுக்கும் தொற்று வர்றதுலயோ, வளர்ச்சியிலயோ வித்தியாசம் தெரியலை.

சரி, எல்லா மருந்துமே ஓகேவா? இல்லை. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறவங்க பால் கொடுக்கக் கூடாது. டோஃபாசிடினிப், உபாடாசிடினிப், ஓஸானிமோட் போன்ற புது மாத்திரைகள்ல மூலக்கூறு சின்னது, பாலுக்குள்ள எளிதா போகக்கூடியது. அதனால இவற்றை எடுக்கிறப்போ தாய்ப்பால் வேண்டாம்னுதான் நிபுணர்கள் சொல்றாங்க. `ஊசி ஆபத்து, மாத்திரை சாது'ன்னு நாம நினைக்கிறதுக்கு இங்கே நேர் எதிர்.

அப்புறம் ஏன் மருந்து டப்பாவுக்குள்ள இருக்கிற தாள்ல பாலூட்டும் தாய்மார்களுக்குன்னு அத்தனை எச்சரிக்கை? புது மருந்தைச் சோதிக்கும்போது கர்ப்பிணிகளையும் பாலூட்டுற அம்மாக்களையும் பெரும்பாலும் சேர்க்கிறதே இல்லை. தரவு இல்லாதப்போ கம்பெனி எச்சரிக்கை போட்டுத் தன்னைக் காப்பாத்திக்கும். அந்த வரி `ஆபத்து நிரூபணமாகிடுச்சு'ன்னு சொல்லலை. பல சமயம் `நாங்க சோதிச்சுப் பார்க்கலை'ன்னுதான் சொல்லுது.

மருந்தை நிறுத்தினா யாருக்கு லாபம்?

`குழந்தைக்காக ஆறு மாசம் பொறுத்துக்கிறேன்'னு மாத்திரையை நிறுத்துற அம்மாவைத் தியாகின்னு கொண்டாட நம்ம வீடுகள் எப்பவும் ரெடி. ஆனா, கணக்கு வேற மாதிரி இருக்கு.

தாய்ப்பால் கொடுக்கிறதாலேயே நோய் கிளம்புதான்னு ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்காங்க. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுத்தவங்களுக்கு நோய் கிளம்பினதுக்கு முக்கியமான காரணமா தெரிஞ்சது, பால் கொடுக்கிறதுக்காக அவங்க மருந்தை நிறுத்தினது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 2009-ல் வெளியான ஆய்விலும், பால் கொடுத்தவங்களுக்கு நோய் அதிகமா கிளம்பலை.

நோய் கிளம்பினா என்ன ஆகும்? ஒரு நாளைக்குப் பத்து தடவை பாத்ரூம், ரத்தம், காய்ச்சல், உடம்புல தண்ணி வத்திப்போறது. பால் குறையும். ஆஸ்பத்திரியில சேர்த்தா, குழந்தை வீட்டில், அம்மா வார்டில். எந்தப் பாலுக்காக மருந்தை விட்டாங்களோ, அந்தப் பாலே நின்னுபோகும்.

பிரசவத்துக்கு அப்புறம் மோஷன்ல ரத்தம் வந்தா, `பிள்ளை பெத்தா மூலம் வர்றது சகஜம்'னு விட்டுடுற பழக்கமும் இருக்கு. மூலமாகவும் இருக்கலாம். ஆனா, ஐ.பி.டி இருக்கிறவங்களுக்கு ரத்தத்தோட அடிக்கடி வயித்துப்போக்கு, கூடவே காய்ச்சலோ படபடப்போ இருந்தா, காத்திருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரி போங்க. தையல் வலிக்குக் கொடுக்கிற டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்குக் குடல் நோயைக் கிளப்பிவிடலாம். அதனால, பிரிஸ்கிரிப்ஷன் எழுதுறப்பவே `எனக்கு ஐ.பி.டி இருக்கு'ன்னு சொல்லிடுங்க.

பாலைப் பார்க்கிறோம்... ஊசியைப் பார்க்கிறோமா?

இந்தக் கட்டுரையில நீங்க ஒரே ஒரு பகுதியைத்தான் ஷேர் பண்ணுவீங்கன்னா, இதைப் பண்ணுங்க.

பயாலஜிக் ஊசி போடுற அம்மாவோட பாலைப் பத்தி எல்லாரும் கவலைப்படுறோம். ஆனா, கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற மருந்துகள் நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு நேரடியா போகுது. பிறந்த பிறகும் சில மாசங்கள் குழந்தையோட ரத்தத்தில் இருக்கும். அதனால குழந்தைக்குப் பெரும்பாலும் எந்தப் பிரச்னையும் வர்றதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேணும்: உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்யுற தடுப்பூசிகள்.

நம்ம ஊர்ல குழந்தை பிறந்ததுமே போடுற பி.சி.ஜி அந்த வகைதான். இங்கிலாந்தில், கர்ப்ப காலத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப் எடுத்துக்கிட்ட க்ரோன்ஸ் அம்மாவுக்குப் பிறந்த ஒரு குழந்தைக்கு, மூணு மாசத்தில் பி.சி.ஜி போட்டிருக்காங்க. தடுப்பூசியில இருந்த கிருமியே உடம்பு முழுக்கப் பரவி, அந்தக் குழந்தை இறந்துபோச்சு. 2010-ல் மருத்துவ இதழில் வெளியான அந்த ஒரு சம்பவம்தான் உலகம் முழுக்க டாக்டர்களை எச்சரிச்சது. இந்த வகை மருந்து எடுத்த அம்மாக்களோட குழந்தைக்கு முதல் ஆறு மாசம் பி.சி.ஜி வேண்டாம்னு வழிகாட்டுதல்கள் சொல்றது அதனாலதான்.

இங்கிலாந்தில் எல்லாக் குழந்தைக்கும் பி.சி.ஜி போடுறதில்லை. இங்கே அது பிறந்த உடனே, யாரும் கேட்காமலே, வழக்கமா நடக்கிற விஷயம். பிரசவம் பார்க்கிறவங்களுக்கு அம்மா எடுத்த ஊசி தெரியாது. ஊசி எழுதின கேஸ்ட்ரோ டாக்டர் பிரசவ வார்டில் இருக்க மாட்டார். ரெண்டு பேருக்கும் நடுவுல தகவல் சொல்ல வேண்டியவங்க நீங்கதான். பிரசவத்துக்கு அட்மிட் ஆகும்போதே, `கர்ப்பத்துல இந்த ஊசி போட்டிருக்கேன். பி.சி.ஜி போடுறதுக்கு முன்னாடி குழந்தைகள் நல டாக்டர் என்கிட்ட பேசணும்'னு ஃபைல்ல பெருசா எழுத வெச்சுடுங்க.

இதுக்காக பி.சி.ஜி-யே வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க. டி.பி அதிகம் இருக்கிற நாடு நம்மோடது. தள்ளிப்போடுறோம், அவ்வளவுதான். தேசியத் தடுப்பூசி அட்டவணையிலயே ஒரு வயசு வரைக்கும் பி.சி.ஜி போட இடம் இருக்கு. போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள வகை என்கிறதால அதையும் சேர்த்தே டாக்டர்கிட்ட கேளுங்க. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தை முன்னாடி தவிர்க்கச் சொன்னாங்க. புது வழிகாட்டுதல் கொடுக்கலாம்னு சொல்லுது. மத்த தடுப்பூசிகள் எல்லாம் வழக்கம்போல, உரிய தேதியில.

இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும். குழந்தை உடம்புல இருக்கிற மருந்து வந்தது கர்ப்பத்தில். அதனால, தாய்ப்பாலை நிறுத்துறதால இந்த ஆபத்து போயிடாது. நாம பயப்பட வேண்டியதை விட்டுட்டு, பயப்படத் தேவையில்லாததைப் பார்த்து பயந்துட்டிருக்கோம்.

பத்தியமும் வெந்தயமும்

பிள்ளை பெத்த பச்சை உடம்புக்குன்னு நம்ம வீட்டுச் சமையலறைக்கு ஒரு தனிச் சட்டமே உண்டு. பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, பிரசவ லேகியம், வெந்தயக் களி. இதுல அன்பு இருக்கு, பல தலைமுறை அனுபவமும் இருக்கு. ஆனா, ஐ.பி.டி இருக்கிற அம்மாவோட குடலுக்கு எல்லாமே ஒத்துக்காது.

குறிப்பா வெந்தயம். பால் சுரக்கும்னு ஊறவெச்சும், களியாவும், கடையில விக்கிற பவுடராவும் கொடுக்கிறாங்க. வயித்துப்போக்கும் ரத்தக்கசிவும் கூட வாய்ப்பிருக்குன்னு, ஐ.பி.டி அம்மாக்கள் பால் கூட்டுறதுக்காக வெந்தயத்தை எடுத்துக்க வேண்டாம்னு அமெரிக்க கேஸ்ட்ரோ நிபுணர்கள் சொல்றாங்க. சாம்பார்ல தாளிக்கிற நாலு வெந்தயத்துக்கு இது பொருந்தாது, மருந்தா எடுத்துக்கிறதுக்குத்தான்.

`தண்ணி நிறைய குடிச்சா வயிறு பெருத்துடும்'னு அளவா தண்ணி கொடுக்கிற வழக்கம் இன்னும் பல வீட்டில் இருக்கு. வயித்துப்போக்கு இருக்கிற, பால் கொடுக்கிற அம்மாவுக்கு அது நேரடி ஆபத்து. பால் கொடுக்கிற முதல் ஆறு மாசம், வழக்கமான சாப்பாட்டைவிட தினமும் சுமார் 600 கலோரி கூடுதலா வேணும்னு ஐ.சி.எம்.ஆர் சொல்லுது. நல்லா வெந்த சாதம், இட்லி, முட்டை, மீன், ஒத்துக்கிட்டா தயிர்னு குடல் ஏத்துக்கிறதைப் பிரிச்சுப் பிரிச்சுச் சாப்பிடட்டும். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு இருக்குன்னு ரத்தப் பரிசோதனையில பார்த்துக்கிறது நல்லது.

சட்டம் இருக்கு... டாய்லெட் இருக்கா?

2015-ல் தமிழக அரசு பேருந்து நிலையங்கள்ல பாலூட்டும் அறைகளைத் திறந்தது. 2017-ல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு கொடுத்தாங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேணும்னும் சொன்னாங்க. வேலைக்குத் திரும்பின பிறகு குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் தினமும் ரெண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு என்கிறதும் சட்டத்துல இருக்கு. எல்லாமே நல்ல விஷயங்கள்.

ஆனா, ஐ.பி.டி அம்மாவோட இடத்துல இருந்து பாருங்க. குழந்தை பால் குடிச்சுட்டு இருக்கிறப்போ, பாதியில எழுந்து டாய்லெட்டுக்கு ஓடணும். அறை இருக்கு, பக்கத்துல சுத்தமான டாய்லெட் இருக்கா? குழந்தையை வாங்கிக்க ஆள் இருக்கா? சட்டத்தின் ரெண்டு பாலூட்டும் இடைவேளையில, அவங்களுக்குத் தேவைப்படுற பாத்ரூம் இடைவேளைகளுக்குக் கணக்கு இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடுற 21 நிலைகள்ல ஐ.பி.டி இல்லை. வெளியில பார்த்தா நல்லா இருக்கிற மாதிரி தெரியுற நோய் இது. அதனால, `எப்பப் பார்த்தாலும் பாத்ரூம்லயே இருக்கா'ன்னு பேச்சு மட்டும் மிஞ்சுது.

கொடுக்க முடியலைன்னா?

நோய் கடுமையா இருக்கலாம். பாலோட ஒத்துப்போகாத மருந்துதான் அவங்களுக்கு வேலை செய்யலாம். உடம்பு அசந்துபோயிருக்கலாம். அப்போ பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால்னு போகலாம். முழுக்கவே பவுடர் பாலுக்கும் மாறலாம். கொடுத்த ஒவ்வொரு நாள் பாலும் கணக்குல சேரும். கொடுக்க முடியாத நாளுக்கு அம்மாவைக் குற்றவாளிக்கூண்டுல ஏத்த வேண்டாம். நல்லா இருக்கிற அம்மாதான் குழந்தைக்கு முதல் தேவை.

நீங்க என்ன பண்ணலாம்?

நீங்களே அந்த அம்மாவா இருந்தா: ஏழாவது மாசத்துக்குள்ள கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட போய், `பிரசவத்துக்கு அப்புறம் எந்த மருந்து தொடரணும், பால் கொடுக்கலாமா, குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி தள்ளணும்'னு மூணு கேள்விக்கும் எழுத்துல பதில் வாங்குங்க. அந்த ஒரு பக்கத் தாள், பிரசவ ஃபைல்ல முதல் பக்கமா இருக்கட்டும். மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தாதீங்க.

நீங்க கணவரா இருந்தா: அந்தத் தாள் உங்க போன்லயும் இருக்கட்டும். அம்மாவோ அத்தையோ கேள்வி கேட்டா, பதில் சொல்ற வேலை உங்களோடது. மூணு நாள் முன்னாடி பிரசவமானவங்க அதுக்கு வாதாடிட்டு இருக்க வேண்டாம். ராத்திரி ஏப்பம் எடுக்க வைக்கிறது, நாப்கின் மாத்துறது, அவங்க பாத்ரூம் போற நேரம் குழந்தையை வாங்கிக்கிறது, மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைக்கிறது... இதெல்லாம் பால் சுரக்காதவங்களாலயும் செய்ய முடியும்.

நீங்க தோழியா இருந்தா: குழந்தையைப் பார்க்கப் போறப்போ, `பால் பத்துதா?'ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, `நீ சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா?'ன்னு கேளுங்க.

மறுபடி அந்த வார்டுக்கே வருவோம். மாமியார் கேட்ட கேள்வி தப்பில்லை. அந்தக் கேள்விக்கு மூணாவது நாள் ராத்திரி பதில் தேடினதுதான் தப்பு. அது மூணு மாசம் முன்னாடியே கிடைச்சிருந்தா, அந்த டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, ஒரு டம்ளர் தண்ணியோட அவரே மருமகள்கிட்ட நீட்டியிருப்பார். பக்கத்துல குழந்தை, வயிறு நிறைய பால் குடிச்சுட்டு, தூங்கியிருக்கும்.